யாரு சொன்னா, எந்த ஊருல?

"நாப்பது பேரு சேந்து ஒரு புத்தகம் எழுத முடியுமா சார்?"

கருங்கல் சந்திப்பில் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கேட்டவன் என்னிடம் படித்தவன். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். இரண்டு மாத லீவில் வந்திருக்கிறான். வீட்டில் அப்பாவுக்கு இருபது தேன் பெட்டிகள் உண்டு. பெட்டி வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்ள கைப்பேசியில் ஒரு குழு நடத்துகிறார்களாம். களியக்காவிளையிலிருந்து பேச்சிப்பாறை வரை ஆட்கள். வளைகுடாவில் இருந்துகொண்டு ஊர்ப் பெட்டியை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் வேறு. ராணி ஈயைக் காணவில்லை, எறும்பு ஏறுகிறது, புழு செத்துக் கிடக்கிறது என்று விடிந்தால் அடைந்தால் கேள்விதான். பதில் பெரும்பாலும் குரல் பதிவாக வரும். இப்படி மூன்று வருஷப் பேச்சு சேர்ந்திருக்கிறது.

"அத்தனையும் மேல மேல ஏறி மறஞ்சு போகுது சார். புத்தகமா ஆக்கணும்ணு எல்லாரும் சொல்லுகாவ. எப்பிடி ஆக்கதுண்ணுதான் தெரியல்ல."

விஷயம் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து எழுதச் சொல்லிவிடலாமே என்றேன், வேண்டுமென்றேதான்.

"அப்பிடி ஒரு ஆளு இல்லியே சார். எல்லாருக்கும் கொஞ்சங் கொஞ்சந்தான் தெரியும்."

சரியான பதில். ஆனால் அந்தக் கொஞ்சம் என்பது எப்படிப்பட்டது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர் பெஞ்சில் ஒருவர் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைக் காட்டி, மரச்சீனியை எப்படி அவிப்பது என்று கேட்டேன்.

"வேகவச்சு தண்ணிய ஊத்திக் களையணும். இதென்ன சார் கேள்வி?"

"ஏன் களையணும்? யாரு சொல்லித் தந்தா?"

யோசித்தான். யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா செய்வதைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். மரச்சீனியில் சயனைடு நஞ்சு உண்டு. வேகவைத்த நீரோடு அதில் பெரும்பங்கு வெளியே போய்விடுகிறது. இந்தக் கிழங்கு நம்முடையதே அல்ல. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார். விஷம் என்று பயந்த குடிகளுக்கு, அவித்து நீரை வடித்துவிட்டு உண்ணும் முறையையும் சொல்லிக் கொடுக்கச் செய்தார் என்பார்கள். நூற்று நாற்பது வருஷத்தில் அந்த முறை அடுக்களை அடுக்களையாகக் கைமாறி, இன்று யார் சொல்லித் தந்தது என்றே தெரியாத அளவுக்குப் பழகிப்போய்விட்டது. பாடப்புத்தகமும் பரீட்சையும் இல்லாமல் ஒரு ஜில்லா முழுவதும் தேர்ச்சி.

பள்ளிக்கு வெளியே நடக்கிற படிப்பு இதுதான். இதைப் பற்றிப் புத்தகம் எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. தெரிந்தவருக்கே தனக்குத் தெரியும் என்பது தெரியாது. 'உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள்' என்று ஒரு நோட்டைக் கொடுத்தால், இவன் அப்பா முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியோ சிலுவையோ போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒன்றும் தெரியாத ஒருவன் வந்து, பெட்டியின் காலடியில் ஏன் தண்ணீர்ச் சிரட்டை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் 'எறும்பு ஏறாம இருக்க' என்று வாய் திறக்கும்.

அதனால், மூன்று வருஷப் பேச்சில் பதில்களை மட்டும் பொறுக்கிவிட்டுக் கேள்விகளைத் தூக்கிப்போடாதே என்றேன். புதிதாகப் பெட்டி வாங்கியவன் அரைத் தூக்கத்தில் கேட்ட அசட்டுக் கேள்விதான் பழைய ஆளின் முப்பது வருஷத்தைத் தோண்டி எடுத்தது. கேள்வி இல்லாமல் அச்சிட்டால் அது வேளாண்மைத் துறைத் துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கும். அது ஏற்கெனவே கிடைக்கிறது.

இரண்டாவது சாயா வந்தது. பக்கத்துத் தையல்கடையைப் பார்த்தபடி இன்னொன்று சொன்னேன். தையல்கடைக்கு வேலை பழக வரும் பையன் முதல் நாளே கத்தரியைத் தொடுவதில்லை. காஜா எடுப்பான், பித்தான் தைப்பான், தேய்ப்பான். துணி வெட்டுவது கடைசிப் பாடம். ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970களில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையற்காரர்களோடு இருந்து பார்த்தபோது அங்கும் இதே கதை. தைத்து முடித்த உடுப்பைத் தேய்ப்பதில் தொடங்கித் தையலுக்கு வந்து, பிறகே வெட்டுக்குப் போகிறார்கள். உடுப்பு உருவாகும் வரிசைக்கு இது நேர் தலைகீழ். முடிந்த பொருளைக் கையில் வைத்துப் புரட்டிப் பழகியவனுக்கு அதன் உள் அமைப்பு தானே விளங்கிவிடுகிறது. வெட்டும்போது துணி வீணாவதும் குறைகிறது. பின்னாளில் எத்தியென் வெங்கர் என்பவரோடு சேர்ந்து 1991இல் அவர் எழுதிய சிறிய புத்தகம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நம் காஜாப் பையன்களைப் பற்றி நாம் அப்படியொரு புத்தகம் எழுதவில்லை என்பது என் சொந்த வருத்தம், அது கிடக்கட்டும்.

தேன் பெட்டிப் புத்தகத்துக்கு இதில் என்ன இருக்கிறது? பாடநூல் எழுதுகிறவர் 'தேனீயின் உடலமைப்பு' என்று ஆரம்பிப்பார். பெட்டி வைக்கிறவன் அப்படியா கற்றுக்கொள்கிறான்? அப்பா தேன் எடுக்கும் நாளில் புகை பிடித்துக்கொண்டு நிற்கிறான். அடையை நக்கிப் பார்க்கிறான். இரண்டு கொட்டு வாங்குகிறான். பெட்டியைப் பிரிக்கிற வேலை அவன் கைக்கு வர நாலைந்து வருஷம் ஆகும். புத்தகமும் அந்த வரிசையில் போனால் என்ன?

"அப்பம் முதல் பாடம் கொட்டு வாங்கது" என்றான்.

அதுவேதான்.

இவன் கவலைப்படும் பெட்டியே பலர் கைபட்டு வந்ததுதான். கருங்கல்லிலிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மார்த்தாண்டம். 1920களில் ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கியது. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்தினார். கோழி, கருப்பட்டி, தேனீ என்று வீட்டோடு செய்யக்கூடிய தொழில்களை மக்களுக்குப் பழக்கினார்கள். அதற்குமுன், திருச்சிப் பக்கம் நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஒரு பெட்டி செய்து பார்த்திருந்தார். அது இங்கே வந்து இன்னும் மாறி மார்த்தாண்டம் பெட்டி ஆனது. ஹாட்ச் தம் அனுபவத்தை 1932இல் ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். நல்ல புத்தகம்தான். ஆனால் மார்த்தாண்டத்துக்காரர்கள் அதைப் படித்துத் தேனீ வளர்க்கவில்லை. பக்கத்துப் புரையிடத்தில் பெட்டியைத் திறக்கும்போது எட்டிப் பார்த்து வளர்த்தார்கள்.

எட்டிப் பார்க்கப் பெட்டியே இல்லாத ஒரு காலமும் வந்தது. 1991-92இல் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்ற வைரஸ் கேரளத்திலும் நம் குமரி ஜில்லாவிலும் பரவியது. புழு நீர் நிரம்பிய பைபோலாகிச் சாகும். பெட்டி பெட்டியாகக் காலி. தொழிலே போனது என்றுதான் பலரும் நினைத்தார்கள். நோயைத் தாங்கி அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் மறுபடி பெருக்கினார்கள். எந்த அடையாளத்தை வைத்துத் தேர்ந்தார்கள், எத்தனை தடவை தோற்றார்கள் என்பதெல்லாம் அன்று பெட்டி வைத்திருந்தவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களுக்கு இப்போது அறுபது எழுபது வயது. புத்தகத்துக்கு அவசரம் இருக்கிறது என்றால் இந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான்.

"அப்பாக்கிட்ட கேட்டா ஒரே வாக்குலச் சொல்லி முடிச்சிருவாரு. 'அந்த வருசம் எல்லாம் போச்சு' ண்ணு."

"பெட்டியக் காட்டிக் கேளு. எந்தப் பெட்டி தப்பிச்சு, அது எங்க இருந்துதுண்ணு கேளு."

இனி அவன் கேட்ட 'எப்படி'க்கு வரலாம். பலர் சேர்ந்து ஒரே புத்தகம் எழுதிய வழிகளில் எனக்குப் பிடித்தது, கணினி வருவதற்கு முந்தியது. இத்தாலியில் பார்பியானா என்றொரு மலைக் கிராமம். 1954 கடைசியில் அங்கே மாற்றலாகி வந்த பாதிரியார் லொரென்சோ மிலானி, அரசுப் பள்ளி தோற்கடித்து வெளியே தள்ளிய விவசாயப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். அந்தப் பையன்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதுவதுபோல ஒரு புத்தகம் எழுதினார்கள். 1967இல் வெளிவந்தது. வெளிவந்த அடுத்த மாதமே மிலானி காலமானார்.

அவர்கள் எழுதிய விதத்தை அந்தப் புத்தகத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் பையிலும் ஒரு குறிப்புத்தாள் கட்டு. எண்ணம் தோன்றும்போதெல்லாம் எழுது. ஒரு தாளுக்கு ஒரே எண்ணம், ஒரு பக்கம் மட்டும். பிறகு ஒரு நாள் எல்லாத் தாள்களையும் பெரிய மேசையில் பரப்பு. இரட்டிப்பதை எடுத்துவிடு. ஒன்றோடொன்று சேர்வதைக் குவி. பெரிய குவியல் அத்தியாயம், அதைப் பிரித்தால் வரும் சிறிய குவியல் பத்தி. எதிலும் சேராத தாள்களும் இருக்கும். அவற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். குவியலுக்குப் பெயர் வைக்க முடியவில்லையென்றால் அதில் விஷயம் இல்லை, அல்லது இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் எழுதச் சொன்னது எதற்கு என்று இப்போது புரியும். பின்பக்கமும் எழுதியிருந்தால் பரப்பவும் முடியாது, வெட்டவும் முடியாது.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. எழுதியதை வெளியாட்களைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கவைத்தார்கள். அதிகம் படிக்காதவர்களாகத் தேடிக் கூப்பிட்டார்கள். நாம் சொல்ல நினைத்தது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று முகத்தைப் பார்ப்பார்கள். சேரவில்லையென்றால் வாக்கியத்தை மாற்றுவார்கள்.

உன் மூன்று வருஷக் குரல் பதிவும் இப்படிப் பரப்பப்பட வேண்டியதுதான் என்றேன். ஒரு பதிவில் மூன்று விஷயம் இருந்தால் மூன்று தாள். எழுதி எடுப்பது சலிப்பான வேலை. நாற்பது பேர் என்பது உதவுவது இங்கேதான்: ஆளுக்கு ஐம்பது பதிவு எடுத்துக்கொண்டால் இரண்டாயிரம் ஆயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் இருந்த ஆட்கள் இப்படித்தான் தட்டச்சுச் செய்து சேர்த்தார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்தார். தட்டச்சும் பிழைதிருத்தமும் பங்குபோட வசதியானவை. குவியல் போடுவதை நாற்பது பேர் செய்ய முடியாது. அதற்கு மூன்று பேர், ஒரு மேசை, இரண்டு நாள் ஒரே வீட்டில் சாப்பாடு.

"குழுவுல வாக்கெடுப்பு வச்சுரலாமா சார், எந்த அத்தியாயம் முதல்லண்ணு?"

வேண்டாம் மக்ளே. வாக்கெடுப்பில் எல்லாருக்கும் பாதி பிடித்தது ஜெயிக்கும்.

இவன் கேட்டதையே வெளியில் ஒருவர் செய்தும் பார்த்திருக்கிறார். ஹோவர்ட் ரைன்கோல்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2012இல், ஆசிரியர் இல்லாமல் ஒருவருக்கொருவர் கற்பது எப்படி என்று ஒரு கையேடு எழுத, இணையத்தில் முன்பின் தெரியாதவர்களைக் கூட்டினார். அடுத்த வருஷம் முதல் பதிப்பு வந்தது. எவரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பிறகும் பதிப்புகள் வந்தன. கூட்டாக எழுதப்பட்ட பல புத்தகங்களைப் போல அதுவும் இடத்துக்கு இடம் குரல் மாறும். சில பக்கம் ஜொலிக்கும், சில பக்கம் கூட்டக் குறிப்புபோல இருக்கும். இவன் எழுதப்போகும் புத்தகமும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

தமிழில் பலர் கூடி எழுதியதில் பெரியது விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முதன்மையானவர் மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக் கலைஞர், வேலை பார்த்தது அரபு அமீரகத்தில்.

"நம்ம பக்கமா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். ஷார்ஜாவைத்தான் நம்ம பக்கம் என்கிறான்.

ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அவர் அங்கிருந்து எழுதினார். 2017 மே மாதம் தமிழ் விக்கிப்பீடியா லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. இத்தனை ஊர்த் தமிழர் ஒரே பக்கத்தில் எழுதினால் சண்டை வராமல் இருக்குமா? இலங்கையில் கணனி என்று எழுதுவார்கள், இங்கே கணினி. கனடாத் தமிழருக்கு ரொறன்ரோ, சென்னைக்காரருக்கு டொராண்டோ. நம் மரச்சீனியையே எடுத்துக்கொள்: மரவள்ளி, குச்சிக்கிழங்கு, ஏழிலைக்கிழங்கு, கப்பை. எதைத் தலைப்பாக வைப்பது? பேசிப் பேசித்தான் தீர்த்துக்கொள்கிறார்கள். சிலது இன்னும் தீரவில்லை. அந்தப் பேச்சுப் பக்கங்களைக் கட்டுரைகளைவிட விரும்பிப் படிக்கிற ஆள் நான்.

ஆனால் விக்கிப்பீடியாவில் இவன் அப்பாவுக்கு இடமில்லை. அங்கே ஒரு வரி நிற்க வேண்டுமானால் அது ஏற்கெனவே எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும். கலைக்களஞ்சியத்துக்கு அந்த விதி தேவைதான். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிவிடுவார்கள். அச்சேறாமல் வாயிலும் கையிலும் மட்டும் இருக்கிற அறிவு என்ன ஆவது என்று சிலர் கேட்டார்கள். அச்சல் பிரபாலா 2011இல் இதையே ஒரு ஆவணப்படமாக எடுத்தார். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வடசோத்தோ மொழிகளில், மனிதரின் வாய்மொழியைப் பதிவுசெய்து அதையே சான்றாகக் காட்ட முடியுமா என்பது அதன் முயற்சி. விதி பெரிதாக மாறிவிடவில்லை. ஆகவே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதக் கற்றுக்கொள், ஆனால் அதன் குரலில் எழுதாதே என்றேன்.

"அதென்ன சார் குரலு?"

ஒரு கணக்கு சொல்கிறேன் கேள். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் பெட்டி வைத்திருப்பவருக்கு எப்போது தேன் வரும்? ரப்பர் இலை உதிர்த்து, புதுத் தளிர் முற்றி வரும்போது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை. மூன்று சிற்றிலையும் காம்போடு சேரும் இடத்தில் சுரப்பிகள் இருக்கின்றன, அங்கே ஊறுகிறது. தளிர் எந்த வாரம் வரும் என்பது அந்த வருஷத்து மழையையும் மரத்தின் இனத்தையும் பொறுத்தது. கடலோரமாக மிடாலம் பக்கம் தென்னந்தோப்பில் பெட்டி வைத்திருப்பவருக்குக் கணக்கே வேறு. இப்போது இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து நீ 'தேன் பருவம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை' என்று எழுதிவிடுகிறாய். தப்பில்லை. யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் அந்த வரியை நம்பி குலசேகரத்துக்காரரும் பெட்டி பிரிக்க முடியாது, மிடாலத்துக்காரரும் முடியாது. இருவர் வாயிலும் உயிரோடு இருந்ததைச் சேர்த்துக் கொன்றாயிற்று.

நம் கடற்கரையில் மீன்பிடிப்பவர்கள் கணிச்சம் பார்ப்பார்கள். கடலுக்கடியில் பாறை, அதாவது பார், எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை. கரையில் தெரியும் ஒரு கோவில் கோபுரம் பின்னாலிருக்கும் மலை முகட்டோடு ஒரே கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளம் நேர் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார். 'இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைக்கவும்' என்று பொதுவாக எழுதினால் ஒரு சாளைகூடக் கிடைக்காது. எந்தக் கோபுரம், எந்த முகடு என்பதுதான் அறிவு. மற்றதெல்லாம் வடிவம்.

எனவே ஒவ்வொரு தாளின் தலையிலும் யார் சொன்னது, எந்த ஊரில், எந்த வருஷம் என்று எழுதிவிடு. புத்தகமாகும்போதும் அதைக் கழற்றாதே. இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் இரண்டையும் ஊர்ப் பெயரோடு போடு. படிக்கிறவன் தன் ஊர் எதைப்போல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வான். தோற்ற கதையையும் அப்படியே போடு. 'இப்படிச் செய்தேன், கூட்டம் பறந்துபோய்விட்டது' என்று ஒருவர் சொன்னால் அது பத்து அறிவுரைக்குச் சமம். ஆனால் தொகுக்கிறவர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான்.

இதைக் கொள்கையாகவே வைத்திருக்கும் ஒரு கூட்டம் இந்தியாவில் உண்டு, அதற்குப் பெயரே தேனீதான். அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர் அனில் குப்தா 1980களின் கடைசியில் தொடங்கிய ஹனி பீ நெட்வொர்க். அவர் வங்கதேசத்து விவசாயிகளிடம் கற்றதை ஆங்கிலத்தில் எழுதிப் பேரும் பணமும் பெற்றார். சொல்லித் தந்த விவசாயிக்கு அந்த எழுத்தைப் படிக்கக்கூட வழியில்லை. அந்த உறுத்தலில் பிறந்தது இது. தேனீ எடுப்பதால் பூவுக்கு நஷ்டமில்லை, ஒரு பூவையும் இன்னொரு பூவையும் சேர்த்தும் வைக்கிறது. அறிவைச் சேகரிக்கிறவர்களும் அப்படி இருக்க வேண்டும் என்றார். சொன்னவர் பெயரையும் ஊரையும் போடு, அவர் மொழியிலேயே அவருக்குத் திருப்பிக் கொடு என்பவை அவர்களின் விதிகள். தமிழில் மதுரையின் சேவா அமைப்பு 'நம் வழி வேளாண்மை' என்ற இதழை அந்த வழியில் நடத்துகிறது. ஆட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுக்கலாம் என்பதுபோன்ற செய்திகூடச் சொன்னவர் பெயரோடு வரும்.

"பேரு போட்டா சண்டை வராதா சார்? 'இது நான் சொன்னதாக்கும்' ணு?"

வரும். பெயர் போடாவிட்டால் அதைவிடப் பெரிய சண்டை வரும். நம் மலைக்கு அப்புறமே நடந்தது. 1987இல் அகத்தியர் மலைக்கு ஆய்வுக்குப் போன விஞ்ஞானி புஷ்பாங்கதன் குழுவினருக்கு வழிகாட்டியவர்கள் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர். விஞ்ஞானிகள் மூச்சிரைக்க, கூட வந்த காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் ஏறினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய ஃபார்மசிக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அதற்கு ஓர் அறக்கட்டளையும் வந்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகமெல்லாம் பேசினார்கள். ஆனால் காணிகளில் எல்லாரும் மகிழவில்லை. மருத்துவம் பார்க்கும் பிலாத்திகளில் சிலர், எங்களைக் கேட்காமல் எங்கள் அறிவை இரண்டு மூன்று பேர் எப்படி வெளியே சொன்னார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பணத்தில் பதில் இல்லை.

குழுவில் கேட்டு வாங்கியது குழுவுக்காகச் சொன்னது. அதைப் புத்தகத்தில் போடலாமா என்று தனித்தனியாகப் போய்க் கேள். நாலு பேர் வேண்டாம் என்பார்கள், விட்டுவிடு. வர்மத்தைப் பார். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்குச் சொல்லும் நம் ஜில்லா ஆசான்கள், சிஷ்யனை வருஷக்கணக்கில் பார்த்த பிறகே முழுதையும் சொல்லித் தருவார்கள். கோபக்காரன் கையில் போனால் உயிர் போகிற வித்தை. எழுதாமல் விடுவதும் அங்கே பாடத்தின் பகுதி.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு சர்க்கார் உதாரணமே இருக்கிறது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் ஊரின் செடி, கொடி, மீன், வித்து, அவற்றைப் பற்றி மக்களுக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் மக்களைக் கொண்டே ஒரு பதிவேடாக எழுத வேண்டும். கருங்கல் பேரூராட்சிக்கும் இது பொருந்தும். எவ்வளவு அருமையான புத்தகம்! பல வருஷம் ஊர்கள் கண்டுகொள்ளவில்லை. பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்களுக்கு மாதம் பத்து லட்சம் அபராதம் என்றது. நாடு முழுக்க மளமளவென்று பதிவேடுகள் நிரம்பின. அப்படி நிரம்பியதில் யாரை உட்காரவைத்துக் கேட்டிருக்க முடியும்? காலக்கெடுவுக்கு எழுதியது காலக்கெடு மாதிரியே இருக்கும்.

"எனக்கும் லீவு நாப்பது நாளுதான் இருக்கு" என்றான், குற்றவாளி மாதிரி.

நாற்பது நாளில் புத்தகம் வராது. அப்பாவின் இருபது பெட்டியையும் திறந்து திறந்து கேட்க நாற்பது நாள் போதும். மற்றதை ஷார்ஜாவிலிருந்து செய்யலாம். தமிழ் விக்கிப்பீடியாவையே அந்தப் பக்கமிருந்து செய்திருக்கிறார்கள்.

பள்ளியாடி போகும் பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. அடுத்ததில் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டு, கைப்பேசியைத் திறந்து எதையோ தட்டினான். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "மாமா, உங்க வீட்டுலயும் பெட்டி இருக்கு இல்லியா?" என்று கேட்டான்.

"நாலு இருக்கு. முந்தி பதினஞ்சு இருந்து. எறும்பு கேறாம இருக்க இப்பம் எல்லாரும் தண்ணி வைக்காவ. நான் பழைய கிரீசு தேச்சு விட்டுருவேன். தண்ணி வச்சா மழைல நிறஞ்சு போவும், வெயிலுல வத்திப் போவும்."

பையன் தட்டிக்கொண்டே வந்தவன் நின்றான். தலையில் ஊர் போட்டாயிற்று, வருஷம் போட்டாயிற்று. சின்ன வயசிலிருந்து சாயா குடிக்கிற கடை; எப்போதும் மாமா என்றே கூப்பிட்டுப் பழக்கம். என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியாது, நான் முப்பது வருஷமாக அண்ணே என்றே கூப்பிடுகிறேன்.

"மாமா... உங்க பேரு என்ன?"

கடைக்காரர் அடித்துக்கொண்டிருந்த சாயாவை நிறுத்தினார்.

"எதுக்குலே? ரேசன் கார்டுல வல்லதும் பிரச்சினையா?"